எட்டாம் வேற்றுமை

அடியே பெண்களா, போனில் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒரு வாரமாக நீங்கள் எழுதிக் குவிப்பதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருத்தி இலந்தவடையைப் பற்றி எழுதுகிறாள், ஒருத்தி ஆறாம் வகுப்பில் மைக்கூடு உடைந்ததை எழுதுகிறாள், இன்னொருத்தி ராட்டினத்தில் வாந்தி எடுத்ததைக்கூட விடவில்லை. ‘தமிழ் டீச்சராக இருந்தவள் நீ, நீ மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை’ என்று நேற்று கேட்டிருந்தீர்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் என்னுடையதில் இனிப்பு கம்மி. படித்துவிட்டு அழுகிற பொம்மை, கும்பிடுகிற பொம்மை எதையும் எனக்கு அனுப்பாதீர்கள். ஒரு மனிதர்மேல் எனக்கு ஐம்பத்தைந்து வருஷமாகக் கோபம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அந்த மனிதர் என் அப்பாவின் தம்பி. ஒரே சொல்லில் சித்தப்பா என்று எழுதிவிட்டுப் போகலாமே என்பீர்கள். மாட்டேன். அந்தச் சொல் இதில் வரும். ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து வரும், இல்லையென்றால் அகராதியில் இருக்கிற மாதிரி வெறும் சொல்லாக வரும். நானாக அவரை அப்படிச் சொன்னதாக எங்கேயாவது கண்டுபிடித்தால் மார்க் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஆறாம் வகுப்பு படித்த வருஷம். அதற்கு முந்தின வருஷம்தான் என் அப்பா விஷக் காய்ச்சலில் போனார். செங்கம் ரோட்டில் எங்கள் வீடு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கீழே இரண்டு அறை, மேலே ஒரே ஒரு அறை, மீதி மொட்டை மாடி. அந்த மாடி அறையை என் அம்மா யாரையும் கேட்காமல் வாடகைக்கு விட்டாள். யாரையும் என்றால் அப்பாவின் தம்பியை. அவர் நாலு தெரு தள்ளிக் குடியிருந்தார், கவர்மெண்ட் ஆபீசில் கிளார்க். தினமும் சாயங்காலம் சைக்கிளில் வந்து வாசலில் மூன்று தடவை மணியடிப்பார். உள்ளே வந்து என் டிக்டேஷன் நோட்டை வாங்கிப் பார்த்து, தப்புக்கு ஒரு குட்டு வைப்பார். அவருடைய மோதிரம் மண்டையில் படும்.

“மாடிய உட்டுட்டீங்களாமே அண்ணி? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?”

“எங்க வூடுதானே தம்பி” என்றாள் அம்மா, அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பாள்.

மாடிக்கு வந்தவர் வெள்ளைக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய ஊரில் லத்தீன் வாத்தியாராக இருந்து, வேலையை விட்டுவிட்டு ஆசிரமத்துக்கு வந்தவர். வேட்டிமேல் தோல் பெல்ட் கட்டுவார். கிருஷ்ணாயில் ஸ்டவ்வில் ரொட்டி வாட்டுகிறேன் என்று தினமும் கருக்குவார். அந்தத் தீய்ந்த வாசனையும் அவருடைய பேனாவின் பச்சை மசி வாசனையும் பாதிப் படி ஏறும்போதே வந்துவிடும். தமிழ் படிக்க அவருக்குக் கொள்ளை ஆசை. ஆசிரமத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆத்மா, பிரம்மம் என்று பெரிய சொற்களாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. அதற்கு என்னிடம்தான் வந்தார். பதினொரு வயதில் எனக்கு ஐம்பது வயது மாணவர். தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவேன், அவர் நிஜமாகவே பயப்படுவார்.

உறவுமுறை சொல்லிக்கொடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“உன் அப்பாவோட தம்பி?” என்று கேட்டார்.

“சித்தப்பா.”

“உன் அம்மாவோட அண்ணன்?”

“மாமா.”

அவர் எழுந்தே நின்றுவிட்டார். “இங்கிலீஷ்ல ரெண்டும் அங்கிள். இங்கிலீஷ் பாவம். லத்தீன்ல வேற வேற!” என்று நோட்டில் பச்சை மசியில் எழுதினார். அப்பாவின் சகோதரன் பத்ருவுஸ். அம்மாவின் சகோதரன் அவுன்குலுஸ். அத்தைக்குத் தனிச் சொல், சின்னம்மாவுக்குத் தனிச் சொல்.

“அப்பாவோட அண்ணன்?” என்று நான் கேட்டேன்.

“அதுவும் பத்ருவுஸ்.”

“பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒண்ணா? அப்ப உங்க லத்தீனும் பாவம்தான்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சொல் எப்படியெல்லாம் வாலை மாற்றும் என்று சொல்லிக் காட்டினார். பத்ருவுஸ் வந்தார். பத்ருயீ என்றால் அவருடைய. பத்ருவோ என்றால் அவருக்கு. பத்ருவும் என்றால் அவரை. கடைசியாக ஒன்று, பத்ருவே. அது கூப்பிடுவதற்கு மட்டும். மகனே, கந்தனே என்று நாம் கூப்பிடுகிற அதே ஏ! எனக்கு ஒரே குஷி. இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்து ரோம் ஊர்க்காரர்கள் பேச்சில் பத்ருவுஸ் என்றாலே சிடுசிடு ஆசாமி என்று அர்த்தமாம். நான் என் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு ஒரு படம் போட்டார். நடுவில் ஒரு வட்டம், அதில் ஈகோ என்று எழுதினார். ஈகோ என்றால் நான். அந்த நானிலிருந்து கோடு கோடாகப் போய், ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு முறை. நானை மாற்றினால் எல்லா வட்டத்திலும் சொல் மாறிவிடும். இதை அவர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

“நான் உனக்கு யார்?” என்று அன்றைக்கே கேட்டார்.

யோசித்தேன். இவரைப் பத்ருவுஸ் ஆக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு நிஜமாகவே ஒரு மாமா உண்டு, அம்மாவுக்கு அண்ணன், போளூர் பக்கம் பயிர் வைக்கிறவர். சாதுவிலும் சாது. அதனால் மாமா என்றாலே எனக்கு நல்லவர் என்றுதான் அர்த்தம். “நீங்க மாமா” என்றேன்.

இதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “அப்ப எனக்கு அண்ணன்னு சொல்லு. நல்லதாப் போச்சு. கார்த்திக வருதே, தங்கச்சிக்கு சீர் கொண்டாரச் சொல்லு உம் மாமாவ” என்று சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அது இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ. நான் மடமடவென்று மாடி ஏறி அதை அப்படியே ஒப்பித்தேன், சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு.

அன்று ராத்திரியே டிக்டேஷன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நானும் படம் போட்டேன். அப்பாவுக்கு ஒரு வட்டம், அதற்கு மாலை. பக்கத்தில் அம்மா. அம்மாவுக்கு அந்தப் பக்கம் மாடிக்காரர், பெல்ட்டோடு. இருவருக்கும் நடுவில் ஒரு கோடு. மாடிக்காரருக்குக் கீழே ‘மாமா’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். என்னை வரையவில்லை. வரைகிறவள் நான்தானே, என்னை வேறு எதற்கு வரைய வேண்டும் என்று விட்டுவிட்டேன். தாளை டிக்டேஷன் நோட்டுக்குள்ளேயே வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தேடினால் காணவில்லை.

கார்த்திகைத் தீபத்தன்று காலையில் எங்கள் வீட்டில் இருபது பேர். எங்கள் மொட்டை மாடியிலிருந்து தீபம் ஏற்றுகிற மலை உச்சி மறைக்காமல் தெரியும் என்பதால் அப்பா வழிச் சொந்தம் முழுக்க எங்கள் வீட்டில்தான் வந்து இறங்கும். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பொரி உருண்டைக்கு வெல்லப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள், நான் முந்திரி திருடிக்கொண்டிருந்தேன்.

மாடிக்காரர் குளித்து, விபூதி பூசி, கையில் பெரிய தட்டோடு படியிறங்கி வந்தார். தட்டில் கனகாம்பரக் கலரில் ஆரணிப் பட்டு. வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், இரண்டு முழம் மல்லிகைப் பூ. தங்கச்சிக்குக் கார்த்திகைச் சீர் என்று தேரடி வீதிக் கடையில் கேட்டிருக்கிறார். கடைக்காரன் ஒரு குறையும் வைக்காமல் கட்டிக் கொடுத்திருக்கிறான். தங்கச்சி புருஷனை இழந்தவள் என்று கடைக்காரனுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவளுக்குப் பூவும் குங்குமமும் நீட்டக் கூடாது என்று மாடிக்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அவர் வாங்கப் போனதே எனக்குத் தெரியாது.

கூடத்தில் எல்லார் கண்ணும் அந்தத் தட்டுமேல். அம்மா கரண்டியோடு அடுக்களை வாசலுக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் நான் நின்றேன். அப்பாவின் தம்பி பாயிலிருந்து எழுந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். என் தாள். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. அத்தனை நாள் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் கூடுகிற நாளுக்குக் காத்திருந்திருக்கிறார். இது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, இன்றைக்குப் புரிகிறது.

“இது அண்ணி தலகாணிக்கு அடியில கெடந்துது. எல்லாரும் பாருங்க. இது எங்கண்ணன், மால போட்டுக்கினு இருக்காரு. இது அண்ணி. அண்ணிக்கு இந்தாண்ட கோடு போட்டு யாரு? மாமாவாம்!”

மாமா என்று நம் ஊரில் யார் யாரைச் சொல்வார்கள் என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. எனக்கு அம்மாவின் அண்ணன் மாமா. கட்டிக்கொண்டவளுக்குப் புருஷனும் மாமா. தாளில் நான் இல்லை. நான் இல்லாததால் நடுவில் இருந்த அம்மாவே அந்தப் படத்துக்கு ‘நான்’ ஆகிவிட்டாள்.

“அது நான் போட்டது! என் டிக்டேஷன் நோட்ல இருந்துது!” என்று கத்தினேன்.

“பாத்துக்குங்க. புள்ளயக்கூட பொய் சொல்லப் பழக்கி வச்சிருக்காங்க” என்றார், குரலை உயர்த்தாமல்.

சொந்தத்தில் ஒருவர் மாடிக்காரரையே நேராகக் கேட்டார். “ஏங்க, நீங்க இந்தம்மாவுக்கு யாரு?”

மாடிக்காரருக்குக் கேள்வி முக்கால்வாசி புரிந்தது. பாவி மனிதர், பரீட்சையில் நிற்கிற பையனைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார். “நான் மாமா. இவளுக்கு மாமா.” கையை என் பக்கம் நீட்டினார். எனக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

இவளுக்கு! நான் அவருக்கு இவங்களுக்கு என்பதைச் சொல்லிக்கொடுக்கவேயில்லை. என்னைக் காட்டிப் பேச இவள் போதும், அவர் வேறு யாரைக் காட்டிப் பேசப் போகிறார் என்று விட்டிருந்தேன். ஒரு பெரிய பெண்பிள்ளையைச் சபையில் இவள் என்று சொல்கிறவன் யார்? புருஷன்தான். நான்காம் வேற்றுமை உருபு கு. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அதை நடத்தியிருக்கிறேன், ‘இவளுக்கு’ என்பதை மட்டும் உதாரணமாகச் சொன்னதில்லை.

அம்மா மட்டும் கலங்கவில்லை. “தாள யாரு எழுதியிருந்தா என்னா? அவரு எனக்கு அண்ணன் மாதிரி. இதுல தப்பு என்னா இருக்குது?” என்றாள்.

“அண்ணங்காரன் குங்குமமா குடுப்பான்?” என்று பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. அதோடு முடிந்தது.

மாடிக்காரரை மத்தியானத்துக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். துணிப்பையோடு இறங்கியவர் என்னிடம் வந்து, “எந்த வார்த்தை தப்பு?” என்று கேட்டார். எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. அவருடைய நோட்டை அப்பாவின் தம்பி பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டார். பத்ருவுஸ், பத்ருயீ, பத்ருவோ எல்லாம் எரிந்தன.

மூன்று மணிக்கு என் நிஜ மாமா வந்தார், பொரியும் வெல்லமும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, தங்கச்சிக்குச் சீர். அவரை வாசலிலேயே நிறுத்தினார் அப்பாவின் தம்பி.

“உங்க தங்கச்சிய கூட்டிக்கினு கெளம்புங்க. பொண்ணு இங்க இருக்கட்டும்.”

“புள்ள அம்மாகூட வரட்டுங்களே” என்றார் மாமா.

“எங்கண்ணன் பொண்ணுங்க அது. எங்க வூட்டுப் புள்ள.”

மாமா மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தார். சாது என்று சொன்னேனே, அதுதான். அம்மா என் சடையை அவிழ்த்து இறுக்கிப் பின்னிவிட்டு, “தெனமும் தல வாரிக்கோடி, சிக்கு உழுந்துடும்” என்று மட்டும் சொன்னாள். ரோடு முழுக்க ஜனம் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் இருவர் மட்டும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் அப்பாவின் தம்பி தன் பெண்சாதியோடு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார்.

இனி என் கணக்கு ஆரம்பம். நான் ஒன்றும் பெரிய சபதம் போடவில்லை. மறுநாள் காலையில் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன், வழக்கம்போல ‘இந்தாங்க’ என்பதற்குப் பின்னால் வரவேண்டிய அந்தச் சொல் வரவில்லை. வராததைப் பார்த்ததும் எனக்கே அது பிடித்துப்போயிற்று. அப்படியே விட்டுவிட்டேன்.

வெறுமனே கூப்பிடாமல் இருப்பது லேசு என்று நினைக்காதீர்கள். நம் மொழியின் கட்டுமானம் அப்படி. அப்பன் என்பதுதான் பெயர். அப்பா என்பது விளி, அதாவது கூப்பிடுகிற எட்டாம் வேற்றுமை. நாமோ கூப்பிடுகிற சொல்லையே பெயராக்கிவிட்டோம். சித்தப்பா வந்தார் என்று மூன்றாம் மனிதரிடம் சொன்னால்கூடப் பாதி கூப்பிட்ட மாதிரிதான். அதனால் அந்தச் சொல்லையே மொத்தமாக வாயிலிருந்து எடுத்தேன். டீச்சரிடம், கடைக்காரரிடம், உங்களிடம், எல்லாரிடமும் ‘எங்கப்பாவோட தம்பி’. நீங்கள்கூடக் கேலி செய்வீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

அவர் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆயிற்று. “என்னாடி மொட்டையா பேசுற? மொற வச்சு கூப்புடு” என்றார். நான் சுவரைப் பார்த்தேன். குட்டு விழுந்தது. மறுநாளும் சுவரைப் பார்த்தேன். அவர் பெண்சாதியை மட்டும் வாய் நிறையச் சித்தி, சித்தி என்று கூப்பிடுவேன், அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று. சாப்பாடு ஆனால் அவர் எதிரில் போய், “சித்தி சாப்பிடக் கூப்பிடறாங்க” என்று தூணிடம் சொல்வேன். விருந்தாளி வந்தால் அவருக்கு வியர்த்துவிடும். அண்ணன் மகளை வளர்க்கிறார் என்று ஊரே புகழும்போது, அந்த அண்ணன் மகள் பக்கத்தில் ஊமையாக நிற்பாள். எனக்கு அப்படி ஒரு திருப்தி.

அடுத்த வருஷம் அவருக்கு மகன் பிறந்தான். தம்பிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் பேச்சுப் பழக்கினேன். முதன்முதலாக அவன் தகப்பனைப் பார்த்துச் சொன்ன சொல் என்ன தெரியுமா? “பத்துவே!” அவர் பூரித்துப்போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். சிடுமூஞ்சி என்று பெற்ற பிள்ளையே கூப்பிட்டதில் நான் கிணற்றடிக்குப் போய்ச் சிரித்தேன்.

இதுவரை சிரிப்பு. இனிமேல் எழுதுவது எனக்குக் கஷ்டம்.

எனக்குப் பதிமூன்று வயதில் ஒரு நாள் அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அதுவரை நான் அம்மாவைப் பார்த்தது வருஷத்துக்கு ஒரு தடவை, தீபத்தன்று, மாமாவோடு கோயில் வாசலில் அரை மணி நேரம்.

“ஒரே ஒரு தடவ கூப்புடு. எதுவும் வேணாம், சித்தப்பான்னு ஒரே தடவ. மாசத்துக்கு ரெண்டு நாள் உங்கம்மாகிட்ட உன்ன அனுப்பறேன். நானே பஸ் ஏத்தி உடறேன்” என்றார்.

அவர் குரல் கெஞ்சியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஜெயிப்பை எப்படி விடுவேன்? சுவரைப் பார்த்தேன். அவர் எழுந்து போனார். என் கல்யாணம்வரை ஏழு வருஷம், மாதம் இரண்டு நாள். எத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் யாரும் கூட்டிப் பார்த்து எனக்கு அனுப்ப வேண்டாம்.

கல்யாணப் பத்திரிகையில் அவரை ‘உற்றார் உறவினர்’ என்ற வரிக்குள் தள்ளினேன். அவர் தாரை வார்த்தால் மணவறைக்கே வர மாட்டேன் என்றேன், மாமாவும் மாமியும் உட்கார்ந்தார்கள். அவர் மண்டபத்துத் தூணோரம் புது வேட்டியில் நின்றார். அம்மாவை என்னோடேயே கூட்டிக்கொண்டு போய்விட்டேன், கடைசிவரை என்னிடம்தான் இருந்தாள். பதிமூன்று வயதில் அவர் என்னிடம் பேசிய அந்தப் பேரத்தை ஒரு நாள் பெருமையாக அவளிடம் சொன்னேன், எப்படி மசியாமல் இருந்தேன் பார் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

“கூப்ட்டிருக்கலாமேடி. ஒரு வார்த்ததானே. நான் உன்னப் பாத்திருப்பேனே” என்றாள்.

பெண்களா, அந்த மனிதர் என்னை அடித்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தை என் அம்மா வாயிலிருந்து வரவைத்தாரே, அதற்குத்தான் இன்றுவரை மன்னிப்பு இல்லை. பேரம் பேசியவர் அவர், விலை கொடுத்தவள் அம்மா. நடுவில் மசியாமல் உட்கார்ந்திருந்தவள் நான். அதையும் சேர்த்து அவர் தலையிலேயே வைத்துவிட்டேன். வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

செங்கம் ரோட்டு வீட்டை அவர் எப்போதோ விற்றுவிட்டார், இப்போது அங்கே மூன்று மாடி லாட்ஜ். அவர் வேங்கிக்காலில் மகன் வீட்டில் இருக்கிறார். கண் சுத்தமாகப் போய்விட்டது, புத்தி வரும் போகும். போன மாதம் அந்த மகன் போன் செய்தான். என் இடுப்பில் வளர்ந்தவன், நல்ல பிள்ளை, அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

“அக்கா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. உன்னியத்தான் கேக்கறாரு. வந்து ஒரு தடவ சித்தப்பான்னு கூப்ட்டுட்டுப் போக்கா. இன்னும் எதுக்கு ஈகோ பாக்குற?”

ஈகோவாம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன். போனேன். கூப்பிடப் போனேனா என்று கேட்டால் எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. ஆட்டோவில் போகும்போது உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அது வரத்தான் செய்தது.

மகன் என்னை உள்ளே விட்டுவிட்டுக் காபி போடப் போனான். கட்டிலில் ஒரு கைப்பிடி மனிதர். “காபியில சக்கர கம்மியா போடுப்பா” என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தேன், அவ்வளவுதான்.

“அண்ணியா?” என்றார்.

என் குரல் இப்போது அம்மாவின் குரல்தான், நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

“அண்ணி, அந்தத் தாளு உங்க தலகாணிக்கு அடியில இல்ல. புள்ள நோட்லதான் இருந்துது. எனக்குத் தெரியும் அண்ணி. தெரிஞ்சேதான்…” கை காற்றில் துழாவியது. “மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

ஐம்பத்தைந்து வருஷம் நான் கேட்கக் காத்திருந்த வாக்கியம். அதை இருபது பேர் நடுவில் சொல்லியிருக்க வேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். யாரும் இல்லாத அறையில், செத்துப்போனவளிடம் சொல்கிறார். உதட்டுக்குள் இருந்த சொல் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. பெற்ற தாயைப் பார்ப்பதற்கே அதைக் கொடுக்காதவள் நான். இவர் நிம்மதியாகக் கண் மூடுவதற்கா கொடுப்பேன்?

“நான் அவங்க இல்லீங்க” என்றேன்.

“அப்ப யாரும்மா நீ?”

“யாரும் இல்லீங்க. வூடு மாறி வந்துட்டேன்.”

அவர் நம்பிவிட்டார். துழாவிய கையை இழுத்து மார்மேல் வைத்துக்கொண்டார். “பரவால்லம்மா. குந்து. வந்தது வந்துட்ட, காபி குடிச்சிட்டுப் போ” என்றார். முன்பின் தெரியாதவளிடம் எத்தனை மரியாதை! என் அம்மாவை அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவிடாமல் அனுப்பினவர்.

நான் திரும்பி வாசலுக்கு வந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“யம்மா, எங்கண்ணன் பொண்ணு ஒருத்தி இன்னிக்கு வரேன்னு சொல்லிக்கிறா. வழியில பாத்தியானா, சித்தப்பா காத்துக்கினு இருக்கார்னு சொல்லு.”

“சொல்றேங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.